வெறும் கட்டன்தான் சிஸ்டர்

என் வீட்டுக்காரர் வேகமாகச் சாப்பிடுகிறவர். வண்டிப்பெரியாரை ஒட்டிய எஸ்டேட்டின் தேயிலை ஃபேக்டரியில் கொழுந்து அரைக்கிற இயந்திரத்தின் பக்கத்தில் அவருக்கு வேலை. இயந்திரம் ஓடிக்கொண்டிருக்கும்போதே நின்றபடி நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு ஓடுகிற பழக்கம். வீட்டிலும் அப்படித்தான். நான் குழம்புச் சட்டியை அடுப்பிலிருந்து இறக்குவதற்குள் தட்டு காலியாகியிருக்கும். "யாரு வந்து பிடுங்கப் போறா?" என்று நான் கேட்காத நாள் இல்லை. அந்த மனிதர் ஒரு நாள் கப்பைக் கிழங்கும் மீன் குழம்பும் வைத்த தட்டுக்கு முன்னால் வாயை அசைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். நான் சாப்பிட்டு, கை கழுவி, பாத்திரத்தையும் ஒதுக்கிவிட்டு வந்தேன். அவர் அதே இடத்தில் இருந்தார். தட்டில் பாதி அப்படியே கிடந்தது.

"என்னாச்சு?"

"ஒண்ணுமில்ல. வாயு."

வாயு என்றால் இஞ்சி, பூண்டு, ஓமத் தண்ணீர். எல்லாம் கொடுத்தேன். பிறகுதான் கவனித்தேன், ஒவ்வொரு வாய்க்கும் ஒரு மடக்குத் தண்ணீர் குடிக்கிறார். சில நேரம் நான் பார்க்காதபோது நெஞ்சில் கையை மடக்கிக் குத்திக்கொள்கிறார். எவ்வளவு நாளாக என்று கேட்டதற்குச் சிரித்தார். மழுப்பும்போது அவர் சிரிக்கிற சிரிப்பு எனக்குத் தெரியும். கல்யாணமான புதிதில் சீட்டாடிவிட்டு வந்த நாட்களிலும் இதே சிரிப்புதான். சட்டைகள் தோளில் தொங்க ஆரம்பித்திருந்தன. எங்கள் லயத்தில், அதாவது எஸ்டேட் தந்த வரிசை வீடுகளில், பார்க்கிறவர்கள் எல்லாம் "என்னண்ணே, மாப்பிள்ளை மாதிரி ஆயிட்டீங்க" என்றார்கள். அவருக்கும் அதில் கொஞ்சம் பெருமை இருந்தது என்பதுதான் கொடுமை.

தாலூக் ஆஸ்பத்திரிக்கு நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். அங்கே சின்ன வயது டாக்டரம்மா ஒருவர். சிரித்துப் பேசுகிறவர். எங்கள் தமிழ் அவருக்குப் புரியும். சோறு இறங்கவில்லையா, தண்ணீர் இறங்கவில்லையா என்று கேட்டார். "சோறுதாங்க நிக்குது. தண்ணி எறங்கிருது" என்றார் இவர், ஏதோ பரீட்சையில் சரியான விடை சொன்னவர் மாதிரி. டாக்டரம்மாவின் சிரிப்பு போய்விட்டது. கழுத்தைத் தடவிப் பார்த்தார். தொண்டை வழியாகக் குழாய் விட்டு உள்ளே பார்க்க வேண்டும், அந்த எண்டோஸ்கோப்பி இங்கே இல்லை, கீழே மெடிக்கல் காலேஜுக்குத்தான் போகவேண்டும் என்றார். சீட்டை என் கையில் கொடுத்து, "வைகிக்கருது கேட்டோ" என்றார். தாமதம் கூடாது என்று. அவரிடம் சொல்லாமல் என்னிடம் சொன்னார்.

மறுநாளே போனோம். மெடிக்கல் காலேஜில் டாக்டர் அன்றைக்கே பார்த்தார். குறை சொல்ல மாட்டேன். அவரும் வயிற்றை அமுக்கி, கழுத்தைத் தடவி, சீக்கிரம் எண்டோஸ்கோப்பி எடுக்க வேண்டும் என்றுதான் சொன்னார். சீட்டோடு கவுன்ட்டருக்குப் போனோம். அங்கிருந்தவர் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு ஒரு தேதி சொன்னார். மழைக்காலம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. அவர் சொன்ன தேதி ஓணம் கழிந்து, மூன்று மாதம் தள்ளி.

நான் தப்பாகக் கேட்டுவிட்டேனோ என்று திரும்பக் கேட்டேன். அதே தேதிதான். டாக்டர் சீக்கிரம் என்று சொன்னாரே என்றேன். "சேச்சி, இவிடே எல்லாவருக்கும் அர்ஜன்ட் தன்னே" என்றார் அவர். எல்லோருக்கும் அவசரம்தானாம். திரும்பிப் பார்த்தேன். எனக்குப் பின்னால் வரிசை கதவு வரைக்கும் நின்றது. கைக்குழந்தையோடு ஒருத்தி, மூக்கில் குழாய் செருகிய பெரியவர் ஒருவர். கவுன்ட்டர்க்காரர் சொன்னது பொய்யில்லை. பொய்யாக இருந்திருந்தால் நன்றாகக் கத்தியிருப்பேன். குழாய் விடுகிற மெஷினும் இரண்டில் ஒன்றுதான் ஓடுகிறது என்று வரிசையில் யாரோ சொன்னார்கள். சீக்கிரம் என்று எழுதுகிற கை ஒன்று, ஓணம் கழிந்து வா என்று எழுதுகிற கை இன்னொன்று. இரண்டும் ஒரே கட்டடத்துக்குள் இருந்தன.

வெளியே காசு கொடுத்து எடுத்தால் நாளைக்கே முடிந்துவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள். நான் காதுத் தோட்டைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன். அவர் தொடவில்லை.

"தோட்ட வித்து குழாய விடலாம். அதுக்கப்புறம் உள்ள சதையக் கிள்ளிப் பாக்கணும்பான், ஆபரேஷன்பான். அதுக்கு எத விப்ப? கடேசில மெடிக்கல் காலேஜுக்குத்தான போகணும். அப்ப அங்கயும் மொதல்ல இருந்து எடுக்கச் சொல்லுவாக."

சரியாகத்தான் பேசினார். அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. தோட்டைத் திரும்பக் காதில் போடும்போது திருகாணி கீழே விழுந்து, இரண்டு பேரும் குனிந்து தேடினோம்.

பிறகு காத்திருப்பு. காத்திருப்பது என்றால் சும்மா இருப்பது என்று நினைப்பவர்களை நான் அந்த மழையில் எங்கள் வீட்டில் கொண்டுவந்து உட்காரவைத்திருப்பேன். அவர் வாயில் வைக்கிற ஒவ்வொரு கவளத்தையும் நான் பார்த்தேன். தொண்டை மேலே போய்க் கீழே வருகிறதா, நடுவில் நிற்கிறதா என்று பார்த்தேன். பார்க்காதே என்று அவர் கத்தினார். ஃபேக்டரி இரைச்சலில் இருந்து இருந்து அவருக்கு மெதுவாகப் பேசவே வராது. வீட்டுக்குள்ளும் கத்தல்தான். அந்தக் குரலும் கரகரக்கத் தொடங்கியிருந்தது. நான் முதுகைத் திருப்பிக்கொண்டு காதால் பார்த்தேன். விழுங்குகிற சத்தம் ஒன்று உண்டு. அதுவரை என் ஆயுசில் நான் கவனித்ததில்லை. சோறு கஞ்சியானது. கஞ்சி வடிகஞ்சியானது. கேழ்வரகுக் கூழை மல் துணியில் வடிகட்டிக் கொடுத்தேன். ஒரு மனிதர் என் கண் முன்னால் சின்னக் குழந்தையின் சாப்பாட்டுக்குத் திரும்பிப் போய்க்கொண்டிருந்தார்.

கொழுந்து பறிக்கிற மலையில் எனக்கு வேலை ஓடவில்லை. கை பாட்டுக்குப் பறிக்கும், மனசு வீட்டில் இருக்கும். எதிரே வருகிறவர்கள் எல்லாம் "டேட் ஆச்சா?" என்று கேட்டார்கள். சாப்பிட்டாயா, சௌக்கியமா என்பதெல்லாம் போய், எனக்கு வணக்கமே அதுவாகிவிட்டது. "கல்யாணத்துக்கா குறிச்சிருக்கு? ஆகும்போது ஆகும்" என்று ஒருத்தியிடம் எரிந்து விழுந்தேன். பாவம், அவள் தேங்காயெண்ணெய் கொண்டுவந்து கொடுத்துவிட்டுப் போன மறுநாள் அது.

தேதி நெருங்க நெருங்க மழை வலுத்தது. மலைச் சாலையில் மண் இடிந்து ஒரு நாள் முழுக்கப் பஸ் ஓடவில்லை. இன்னும் ஒரு இடத்தில் சரிந்தால் எங்கள் தேதியும் அந்த மண்ணோடு போய்விடும். அந்த வாரம் நான் சாமி கும்பிட்டது அவர் உடம்புக்காக அல்ல, ரோட்டுக்காக. தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். ரோடு திறந்திருக்கிறதா என்று கண்டக்டர்களிடம் கேட்டுக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் அலைகிறவர்களைக் கண்டால் முன்பெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

ரோடு தாங்கியது. முதல் பஸ்ஸைப் பிடித்தோம். கொண்டை ஊசி வளைவுகள் எனக்கு ஒத்துக்கொள்ளாது. மலை இறங்கி, டீக்கடை ஒன்றின் முன்னால் பஸ்ஸை நிறுத்தியதும் நான் இறங்கி ஓடி ஓரத்தில் வாந்தி எடுத்தேன். குழாயடியில் முகம் கழுவிக்கொண்டு வந்தபோது அவர் தெம்பாக இருந்தார். ஏதோ ஆகிவிடும் என்ற நம்பிக்கை அவர் முகத்தில் தெரிந்தது. எனக்கும் தெம்பு வந்தது.

எண்டோஸ்கோப்பி அறை வாசலில் நீல உடுப்புப் போட்ட சிஸ்டர் ஒருவர், ஒவ்வொருவராக அழைத்துக் கேட்டுக்கொண்டிருந்தார். எங்கள் முறை வந்தது.

"எந்தெங்கிலும் கழிச்சோ?" ஏதாவது சாப்பிட்டாயா என்று.

"ஒண்ணும் இல்ல சிஸ்டரே. நேத்து சாயங்காலம் கஞ்சி குடிச்சதுதான்."

"வெள்ளம்?"

"தண்ணிகூடக் குடிக்கல. வெறும் கட்டன்தான் சிஸ்டர்."

சிஸ்டர் பேனாவை மூடினார்.

இதை எங்கள் ஊர் ஆட்களைத் தவிர வேறு யாருக்கும் விளங்கவைக்க முடியாது. பால் சேர்க்காத கறுப்புத் தேயிலைத் தண்ணீர், கட்டன். விடிந்ததும் அதைக் குடித்தால்தான் எங்களுக்குக் கால் நடக்கும். ஃபேக்டரியில் வேலை முடிகிற வரைக்கும் அவர் குடித்துக்கொண்டேதான் இருப்பார். அது சாப்பாட்டுக் கணக்கில் வராது, தண்ணீர்க் கணக்கிலும் வராது. சஷ்டி விரதம் இருக்கிறவர்கள்கூடக் கட்டன் குடிப்பார்கள். முருகன் இதுவரை ஒன்றும் சொன்னதில்லை. நான் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோது அவர் அந்தக் கடையில் ஒரு கிளாஸ் வாங்கிக் குடித்திருக்கிறார். அதை மறைக்க வேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. தண்ணீர்கூடக் குடிக்காமல் கட்டுப்பாடாக இருந்தேன் என்பதைத்தான் அவர் பெருமையாகச் சொன்னார்.

சிஸ்டர் கத்தவில்லை. கத்தியிருந்தால் நானும் திருப்பிக் கத்தியிருப்பேன். வயிற்றில் ஏதாவது இருந்தால் குழாய் விடும்போது அது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கிவிடும், ஆளே போய்விடுவார் என்று பொறுமையாகச் சொன்னார். சாயங்காலம் வரை இருக்கிறோம் என்றேன். டாக்டர் மதியத்தோடு முடித்துவிடுவாராம். கவுன்ட்டருக்கு அனுப்பினார்கள். புதுத் தேதி, தீபாவளியை ஒட்டி.

கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. அந்த வராந்தாவில் அவரை நான் என்னென்ன திட்டினேன் என்பதை எழுத முடியாது. ஒரு கிளாஸ் கட்டனுக்கு ஒரு மழைக்காலத்தைக் கொடுத்துவிட்டு நிற்கிறாயே மனுஷா என்றேன். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். எங்களுக்குக் கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவர் எதிர்த்துப் பேசாமல் நின்றது அன்றைக்குத்தான். அதைப் பார்த்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது.

நாங்கள் கிளம்பும்போது சிஸ்டர் என்னைக் கூப்பிட்டார். குரலைத் தாழ்த்தி ஒரு வழி சொன்னார். குழாய் விடுகிற நாட்களில் காலையிலேயே வெறும் வயிற்றோடு வந்து இந்த பெஞ்சில் உட்காருங்கள். தேதி வாங்கியவர்களில் யாராவது வராமல் போனாலோ, உங்களைப் போல எதையாவது குடித்துவிட்டு வந்தாலோ, அந்த இடம் காலி. டாக்டரிடம் சொல்லி உங்களை உள்ளே விடுகிறேன். உறுதியில்லை, அதிர்ஷ்டம்தான் என்றார். அந்த அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

முதல் முறை போய் உட்கார்ந்தபோது தேதி வாங்கியவர்கள் ஒவ்வொருவராக வந்துகொண்டே இருந்தார்கள். ஆளைப் பார்த்துப் பார்த்து எண்ணினேன். இன்னும் ஒருவர் வரவில்லை என்று தெரிந்ததும், வராமலே போகட்டும் என்று வேண்டிக்கொண்டேன். பஸ் கிடைக்காமல் போகட்டும், காய்ச்சலில் படுக்கட்டும். இப்படியும் ஒரு வேண்டுதல் உண்டா? நான் வேண்டினேன். அந்த ஆள் கடைசியில் மூச்சிரைக்க ஓடிவந்தார், நனைந்துபோய். அவரைப் பார்த்து என் வீட்டுக்காரர் "நல்லவேளை, வந்துட்டீக" என்றார். எனக்கு அவரைக் கிள்ள வேண்டும் போலிருந்தது.

மதியம் வரை வெறும் வயிறு. திரும்பும் பஸ்ஸில் அவர் தலை என் தோளில் சாய்ந்தது. கனமே இல்லை. வீட்டுக்கு வந்து கொடுத்த கூழும் பாதிக்கு மேல் இறங்கவில்லை. ஏற்கெனவே சாப்பிட முடியாத மனிதர் அன்று ஒரு நாளைய சாப்பாட்டையும் அந்த பெஞ்சில் இழந்திருந்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. போகாமல் இருந்தால் உள்ளே இருப்பது வளரும். போனால் வெளியே இருப்பது தேயும். இனிமேல் போக வேண்டாம் என்றார் அவர். தீபாவளிக்கே போவோம் என்றார். நான் விடவில்லை. அடுத்த முறை பஸ்ஸுக்கு அவரைக் கையைப் பிடித்து ஏற்ற வேண்டியிருந்தது.

அந்த அடுத்த முறையைத்தான் நான் மறக்க முடியாமல் இருக்கிறேன்.

அன்றைக்கும் பெஞ்சில் நாங்கள்தான் முதலில் உட்கார்ந்தோம். இடம் கிடைத்தால் எங்களுக்குத்தான் என்று சிஸ்டர் சொல்லிவிட்டார். ஒவ்வொருவராக உள்ளே போனார்கள். எல்லோரும் வந்திருந்தார்கள். எங்களுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாவும் மகளும். அம்மாவுக்கு என் வயது இருக்கும். மகளுக்குக் கல்யாணமாகியிருந்தது. பேச்சைக் கேட்டதுமே தெரிந்தது, பீர்மேட்டுப் பக்கத்து எஸ்டேட். அன்றைய தேதிக்காரர்களில் அந்த அம்மாதான் கடைசி. ரொம்ப நாள் காத்திருந்து கிடைத்த தேதி என்று மகள் என்னிடம் சொன்னாள். அம்மாவுக்கு வயிற்றில் என்ன தின்றாலும் எரிச்சலாம், கறுப்பாகப் போகிறதாம். சிஸ்டர் அவர்களிடம் எல்லாம் கேட்டு, ஒன்றும் சாப்பிடவில்லை என்று எழுதிக்கொண்டு போய்விட்டார்.

நேரம் போகப் போக அந்த அம்மா சோர்ந்தார். கை நடுங்கியது. வேர்த்தது. மகள் பதறிப்போய்ப் பையைத் திறந்தாள். உள்ளே ஒரு ஃபிளாஸ்க் இருந்தது.

"கட்டன்தாம்மா. ரெண்டு மடக்கு குடி. தலச்சுத்து நிக்கும்."

மூடியைத் திறந்தாள். வாசனை வந்தது. எங்கள் ஊர்த் தேயிலையின் வாசனை, எந்தக் கூட்டத்திலும் அது எனக்குத் தெரியும். மூடியில் ஊற்றி ஆற்றத் தொடங்கினாள்.

நான் எல்லாவற்றையும் ஒரே பார்வையில் பார்த்துவிட்டேன். அந்த அம்மா குடிப்பார். உள்ளே போகும் முன் சிஸ்டர் இன்னொரு முறை கேட்பார். எங்களைப் போலவே அவர்களும் கொஞ்சமும் ஒளிக்காமல் சொல்வார்கள். பேனா மூடப்படும். இடம் காலியாகும். அந்த இடம் எங்களுடையது. நான் ஒரு வார்த்தை பேச வேண்டியதில்லை, ஒரு விரலை அசைக்க வேண்டியதில்லை. பேசாமல் இருந்தால் மட்டும் போதும்.

பேச வேண்டும் என்று நினைத்தேனா? உண்மையைச் சொல்கிறேன், நினைக்கவில்லை. சீக்கிரம் குடி தாயே என்றுதான் நினைத்தேன். ஆற்றுகிற கையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் ஊதினாள். மறுபடி ஊதினாள். இவ்வளவு நேரமா ஆற்றுவார்கள்? அந்த அம்மா கையை நீட்டி மூடியை வாங்கினார்.

"ஏத்தா! அதக் குடுக்காத!"

என் வீட்டுக்காரர். கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்து கிடந்தவர். எங்கிருந்து அந்தக் குரல் வந்ததோ, வராந்தா முழுக்கத் திரும்பிப் பார்த்தது. மகள் திடுக்கிட்டு, "பால் ஊத்தல அண்ணே, வெறும் கட்டன்தான்" என்றாள்.

"கட்டனும் கூடாது தாயி. நானும் இப்படித்தான் குடிச்சுப்புட்டு வந்து நின்னேன். திருப்பி அனுப்பிட்டாக. ஒதட்டுல படக்கூடாது, கீழ ஊத்து."

அந்த அம்மா மூடியை மகளிடம் திருப்பிக் கொடுத்தார். மகள் அதை ஜன்னல் வழியே வெளியே ஊற்றினாள். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் சிஸ்டர் வந்து அந்த அம்மாவைக் கைத்தாங்கலாக உள்ளே அழைத்துப் போனார். கதவு மூடியது.

அந்த நிமிஷம் நான் அவரை வெறுத்தேன். கல்யாணம் ஆன நாளிலிருந்து சண்டை போட்டிருக்கிறேன், பேசாமல் இருந்திருக்கிறேன், ஆனால் வெறுத்தது இல்லை. எனக்கு இந்த மனிதர் வேண்டும் என்று நான் மழையிலும் மண்சரிவிலும் இழுத்துக்கொண்டு அலைகிறேன். அவர் தன்னை எடுத்து யாருக்கோ கொடுத்துவிட்டு மறுபடி கண்ணை மூடிக்கொண்டார்.

சிஸ்டர் வெளியே வந்து எங்களிடம், இடம் ஒன்றும் காலியாகவில்லை, இன்றைக்கு அவ்வளவுதான் என்றார். மகளுக்கு அப்போதுதான் நாங்கள் எதற்கு உட்கார்ந்திருந்தோம் என்பது விளங்கியது. சிஸ்டரையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்தாள். ஃபிளாஸ்கை எடுத்து வந்து, "இனிமே நீங்க குடிக்கலாம்லண்ணே" என்று கேட்கும்போதே அழுதுவிட்டாள். அவர் வாங்கிக்கொண்டார். துளித்துளியாக, ஒவ்வொரு மடக்குக்கும் நின்று நின்று குடித்தார். "ஸ்ட்ராங்கா போட்டிருக்க, நல்லா இருக்குத்தா" என்றார்.

பஸ்ஸில் நான் ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். வளைவுகள் தொடங்கியபோது அவரே பேசினார்.

"அதுவும் காத்துக் கெடந்த மனுஷிதானடி."

"அப்ப நான் யாரு?" என்றேன்.

அவர் என் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். நானும் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

அதற்குப் பிறகு அவர் பெஞ்சுக்கு வரவில்லை. வர முடியவில்லை. தீபாவளித் தேதிக்கு ஜீப் பிடித்துத்தான் இறக்கினோம். அன்று நான் அவர் பக்கத்திலிருந்து எழுந்திருக்கவில்லை. உள்ளே குழாய் விட்டார்கள், சதை கிள்ளி எடுத்தார்கள். ஸ்கேனுக்கும், அந்தச் சதையைப் பரிசோதித்த ரிப்போர்ட்டுக்கும் இன்னொரு தேதி. அதையும் இருந்து வாங்கினோம். ரிப்போர்ட் மலையாளத்திலும் இல்லை, தமிழிலும் இல்லை. ஆனால் எந்த அறைக்குப் போகச் சொல்கிறார்கள் என்பதிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. அந்த வராந்தாவில் மொட்டைத் தலைகளில் துண்டைச் சுற்றிக்கொண்டு பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள்.

அங்கே வேறு டாக்டர். எங்களை முன்னே பின்னே பார்த்திராதவர். ஸ்கேன் படங்களை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். ரிப்போர்ட்டைப் படித்தார். உணவுக்குழலில் வந்த கட்டி என்றார். குழல் ஏறக்குறைய அடைபட்டுவிட்டது, பக்கத்திலும் பரவியிருக்கிறது, இனி ஆபரேஷன் செய்ய முடியாது, கரண்டு என்கிற கதிர் சிகிச்சை வைத்துப் பார்க்கலாம் என்றார். கொஞ்சம் முன்னால் என்றால் ஆபரேஷனுக்கு யோசித்திருக்கலாம் என்றார். இதையெல்லாம் காகிதத்தைப் பார்த்துத்தான் சொன்னார். எழுதிக்கொண்டே, கொஞ்சம் கடிந்துகொள்கிற குரலில் கேட்டார்.

"எந்தா இத்ரயும் வைகியது?"

ஏன் இவ்வளவு தாமதமாக வந்தீர்கள் என்று.

எனக்குள் எல்லாம் ஒன்றாகக் கிளம்பியது. டாக்டரம்மாவின் சீட்டு, கவுன்ட்டர், மண்சரிவு, பெஞ்சு, அந்த மகள் ஜன்னல் வழியே ஊற்றியது. ஊரில் என் வாய்க்குப் பயப்படாதவர்கள் இல்லை. அந்த மேஜையைப் புரட்டிப்போடுகிற அளவுக்கு என்னிடம் வார்த்தை இருந்தது. நாற்காலியை விட்டு எழுந்தேவிட்டேன். என் வீட்டுக்காரர் என் முழங்கையைப் பிடித்து உட்காரவைத்தார். பிறகு, அந்த நேரம் மிச்சமிருந்த குரலில், கோபமே இல்லாமல் சொன்னார்.

"வந்துக்கிட்டேதான் இருந்தோம் டாக்டரே."

டாக்டர் எழுதுவதை நிறுத்தினார். அப்போதுதான் தலையை நிமிர்த்தி அவர் முகத்தைப் பார்த்தார்.